நாற்பத்திரண்டு புள்ளிகள்

மூன்று ஊக்குகள். தோளில் ஒன்று, இடுப்பு மடிப்பில் ஒன்று, கழுத்துச் சங்கிலியில் எதையும் கோக்காமல் சும்மா ஒன்று. செவ்வந்தி, நீ ஜீப்பை விட்டு இறங்கி இந்த மேட்டில் ஏறி வருவதற்குள் எண்ணிவிட்டேன். யாரைப் பார்த்தாலும் அவர் மேல் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்றுதான் என் கண் முதலில் போகும். முப்பது வருடப் பழக்கம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் கொண்டை ஊசியைக்கூட வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். உன் புருஷன் முதல் நாள் வந்தபோது பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டே நாள் முழுக்க வேலை பார்த்தான். மறுநாள் இடுப்பில் பருத்திக் கயிறு கட்டிக்கொண்டு வந்தான்.

இப்போது நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். மடியில் சிவசங்கரின் நோட்டு. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

"இதான் மேடம் அவர் கடைசியா எழுதினது. இத அவர் பேர்ல அச்சுல வர வெக்க முடியுமா? நாலு பக்கம் வந்தாலும் போதும். பாப்பா பெருசானா காட்டணும்."

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். நீ அதைத் துக்கம் என்று எடுத்துக்கொள்வாய். துக்கமும்தான். அந்த நேரத்துக்குள் நடந்ததை ஒருமுறை முழுக்கச் சொல்லிவிடுகிறேன், மனதுக்குள். வாயைத் திறந்து சொல்லப்போவதில்லை. ஆனால் யாரிடமாவது வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே அது ஒழுங்காகத் தெரியும் போலிருக்கிறது. உன்னைவிட உரிமையுள்ளவர் யாரும் இல்லை.

சற்று முன், தன் வீட்டு வாசல் பாறையில் சாமை கூட்டிக்கொண்டிருந்த செல்லியிடம் நீ ஒன்று கேட்டாயே, அங்கிருந்தே தொடங்கலாம். மார்கழியில் இந்தப் பக்கம் வந்தால் தட்டையாக இருக்கிற பாறை எல்லாவற்றிலும் சாமை காயும். புதூர்நாட்டிலிருந்து இங்கே வரும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாய். பிறகு மேலே காட்டி, "அந்தப் பாறைல மட்டும் ஏன் ஒண்ணுமே காயப்போடல?" என்றாய்.

செல்லி விளக்குமாற்றை நிறுத்தாமலே சொன்னாள். "அது இடி வுழுந்த கல்லு கண்ணு. எங்க மாமியா கட்டிக்கினு வந்த வருசம் வுழுந்துச்சாம். மூணு ஆடு போச்சி. அதுல காயவெச்ச தானியத்த வூட்டுக்குள்ள எடுத்தாரக் கூடாது."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. "பாழாப் போன வாயி," என்று தன் வாயிலேயே தட்டிக்கொண்டு, அப்படியே கூட்டிய சாமையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன், இதே மார்கழியில், இதே சொற்களை அவள் என்னிடம் சொன்னாள்.

அப்போது எனக்கு நாற்பது வயது. பதினோரு வருடமாக ஒப்பந்த வேலை. ஒவ்வொரு மார்ச்சிலும் அடுத்த வருடம் இருப்பேனா என்று தெரியாது. இந்த மலைக்குள் கறுப்புக் கல் சுவர்போல ஓடுகிறது. பூமி வெடித்த விரிசலில் உருகி ஏறி உறைந்த கல். உறையும்போது அதற்குள் இருக்கிற இரும்புத் துகள்கள் அன்றைய வடக்கைப் பார்த்தபடி நின்றுவிடும். இருநூறு கோடி வருடம் கழித்து நாங்கள் வந்து விரல் தடிமனில் அதைத் துளைத்து எடுத்து, எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அளப்போம். அளந்தால் இந்த நிலம் அன்றைக்குப் பூமியில் எங்கே இருந்தது என்று தெரியும். வேலை அவ்வளவுதான்.

ஆறு இடங்களில் துளைத்து முடித்திருந்தோம். ஏழாவதாக ஒரு நல்ல பாறை வேண்டும். எல்லாப் பாறையிலும் சாமை. அந்தப் பெண்களிடம் போய்த் தானியத்தை அள்ளுங்கள் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. மேலே ஒரே ஒரு பாறை மட்டும் துடைத்துவிட்டதுபோலக் காலியாகக் கிடந்தது. அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அது ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. படித்தவர்கள் செய்கிற தப்பு அது. ஊரார் ஒதுக்கி வைத்ததை எனக்காக ஒதுக்கி வைத்ததாக எடுத்துக்கொண்டேன்.

துளைத்து முடித்து, உருளைகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது செல்லி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். இடி விழுந்த கதையைச் சொன்னாள். நான் பென்சிலால் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அன்று காலையிலேயே வேறொன்றும் எழுதியிருந்தேன். திசைகாட்டியின் ஊசி காட்டிய வடக்கும், வெயிலின் நிழலை வைத்து நான் கணக்கிட்ட வடக்கும் அந்தப் பாறையில் ஒத்துப்போகவில்லை. பாறையே ஊசியை இழுத்துக்கொண்டிருந்தது.

மின்னல் ஒரு பாறையில் இறங்கினால் அதன் பழைய ஞாபகத்தை எல்லாம் அடித்துவிட்டுத் தன்னுடையதை எழுதிவிடும். எங்கள் துறையில் முதல் வருடத்தில் கற்றுக்கொள்கிற பாடம் இது. அப்படிப்பட்ட கல்லைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

நான் போடவில்லை. பதின்மூன்று உருளைகளில் எட்டு ஒரே பக்கம் காட்டின. இதுவரை யாரும் சொல்லாத பக்கம். மற்ற ஐந்தும் ஆளுக்கொரு பக்கம் காட்டின. அந்த ஐந்தையும் 'சிதைந்தவை' என்று எழுதி விலக்கினேன். ஒவ்வொன்றிலும் காந்தம் எவ்வளவு பலமாக இருக்கிறது என்ற பத்தியை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டேன். செல்லி சொன்னதைச் சேர்க்கவில்லை. ஊர்க்கதையை ஆய்வுக் கட்டுரையில் யாரும் சேர்ப்பதில்லை. இந்த நிலம் ஒரு காலத்தில் துருவத்துக்குப் பக்கத்தில் இருந்தது என்று எழுதினேன். அது வெளிவந்தது. எனக்கு நிரந்தர வேலை வந்தது. இரும்பு ஆணி இல்லாமல் கட்டிய ஆய்வுக்கூடம் வந்தது. பாடப்புத்தகத்தில் ஒரு படத்தில் சின்ன அம்புக்குறியாக என் ஏழாம் இடம் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது எனக்குப் பெரிய வெட்கம் எதுவும் இல்லை. சாமான் அதிகம் இல்லாத வீட்டில் தனியாக இருக்கிறவள் நான். வாழ்க்கையில் ஒரே ஒரு பொருள். அது கொஞ்சம் கோணலாக இருந்தது. சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

பிறகு உன் புருஷன் வந்தான். எங்கள் கூடத்தில் பாதியை அவனுக்குக் கொடுத்தார்கள். அவன் படித்தது கண்ணாடித் துண்டின் மேல் பூசுகிற காந்தப் படலம்; தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லியது. என்னுடையது கல், அவனுடையது படலம், கருவி ஒன்றே. காலையில் நான், மத்தியானம் அவன்.

"உங்க கல்லுக்கு இருநூறு கோடி வருஷ ஞாபகம் மேடம். என் படலத்துக்கு நேத்து மத்யானம் இன்னா நடந்துச்சின்னு கேட்டாலே முழிக்குது," என்பான்.

மூன்று வருடம் அப்படி இருந்தோம். நீ கட்டிக் கொடுக்கிற எலுமிச்சைச் சோற்றில் பாதி எனக்கு வரும். உனக்குத் தெரியுமா தெரியாது. மூடியில் எடுத்து வைத்துவிட்டு, "பொண்டாட்டி ரெண்டு பேருக்கு சேத்துத்தான் கட்டறா," என்று பொய் சொல்வான். அவன் இல்லாத இந்த எட்டு மாதத்தில் மத்தியானத்தில் எனக்குப் பசிப்பதில்லை. அதை நான் நடிக்கவில்லை.

அவனுடைய புதிய கருவியைச் சரிபார்க்க ஏதாவது பழைய கல் வேண்டும் என்று கேட்டான். அலமாரியில் எடுத்துக்கொள் என்றேன். எந்தத் தட்டு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையில் கிடைத்தது ஏழாம் இடம்.

இரண்டு நாள் கழித்து வந்து நின்றான். கையில் ஒரு தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்கக் கூடாது."

"கேளு."

"உங்க ஏழாம் எடத்துக் கல்லு ரொம்ப பலமா இருக்குதே. என் படலத்தப் பெரிய காந்தத்துக்கு நடுவுல வெச்சி எடுத்தா இப்டி இருக்கும். பூமி குடுக்கறதுன்னா ஒரு கல்லு தாங்கறதுல நூத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்கு. இது பாதிக்கு மேல இருக்குது. யாரோ கல்ல நிக்க வெச்சி அறைஞ்ச மாதிரி."

"யாரு அறைஞ்சிருப்பாங்க?"

விரலால் கூரையைக் காட்டினான். பிறகு சிரித்துவிட்டான். "இடி மேடம்."

எனக்குக் கோபம் வரவில்லை. பயமும் இல்லை. சுவர்ப் பக்கம் திருப்பி வைத்ததை ஒருவன் சாதாரணமாக வந்து இந்தப் பக்கம் திருப்பிவிட்டு, இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டது மாதிரி இருந்தது.

அவன் மேலும் சொன்னதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். "திருத்தம்னு நாலு வரி போட்டுடலாம் மேடம். தப்பக் கண்டுபுடிச்சதே நீங்கதான்னு எழுதிடலாம். எனக்கு இன்னா, கருவி சரியா இருக்குதுன்னு தெரிஞ்சிது, போதும்." அவ்வளவு நல்லவன். நல்லவர்களுக்கு ஒரு குறை உண்டு. மற்றவருக்கு எது உயிர் என்று அவர்களுக்குத் தெரியாது. நாலு வரி என்றான்.

பாறையையே ஒருமுறை கேட்டுவிடலாம் என்று சொன்னது நான். மின்னல் இறங்கிய பாறையில் திசைகாட்டியை அடிக்கு அடி நகர்த்தி வைத்தால் ஊசி நிலையாக நிற்காது. விழுந்த இடத்தைச் சுற்றித் திரும்பிக்கொண்டே வரும். எட்டு வரிசை, வரிசைக்கு ஆறு புள்ளி, மொத்தம் நாற்பத்தெட்டு. ஜூலையில் போகலாம் என்றான் அவன். நான் மே என்றேன். ஜூலையில் சாமை விதைப்பு, எங்களுக்கு வழிகாட்ட வருகிற செல்லி புருஷன் அர்ச்சுனனுக்கு நேரம் இருக்காது என்றேன். நியாயமான காரணம்தான். கோடை மழையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னான். காலையில் தொடங்கினால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்றேன்.

தொடங்கும்போது பதினொன்றாகிவிட்டது. அது யார் தப்பும் இல்லை, ஜீப் டயர்.

இதோ, நாம் இப்போது உட்கார்ந்திருக்கிற இந்த மரத்தடியில்தான் நான் அன்றைக்கும் உட்கார்ந்தேன். அவனிடமிருந்த இரும்பை எல்லாம் துணிப்பையில் வாங்கி வைத்துக்கொண்டேன். போன், வாட்ச், சாவிக்கொத்து, பெல்ட். பித்தளைத் திசைகாட்டியும் சாக்பீஸும் நோட்டும் பென்சிலும் மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போனான். அர்ச்சுனனின் கொடுவாளும் என் பக்கத்தில்தான் இருந்தது.

இங்கிருந்து கத்தினால் காற்றில்லாத நாளில்தான் அங்கே கேட்கும். அதனால் ஒரு ஏற்பாடு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எத்தனை விநாடி என்று எண்ணினால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும். முப்பதுக்குக் குறைந்தால் இறங்கிவிட வேண்டும். அவனிடம் வாட்ச் இல்லை. குனிந்து ஊசியைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு மின்னலும் தெரியாது. ஆகவே எண்ணுவது என் வேலை. குறைந்ததும் என் மஞ்சள் குடையை விரிக்க வேண்டும். குடை விரிந்தால் போட்டது போட்டபடி இறங்குவான்.

ஒரு மணி சுமாருக்குத் தூரத்தில் முதல் உறுமல் கேட்டது. மேலேயிருந்து, "அர்ச்சுனா, அர்ச்சுனா," என்று இடிக்குச் சொல்வதைச் சத்தமாகச் சொல்லிச் சிரித்தான். காற்று அப்போது இந்தப் பக்கம் வீசியது.

"இடி இடிச்சா ஊரே என் பேரத்தான் சொல்லுது," என்றான் அர்ச்சுனன் என்னிடம். "ரேசன் கடைல மட்டும் ஒருத்தனும் கூப்புட மாட்றான்."

"இவரு பேரச் சொன்னா இடி ஓடுமாம்," என்றாள் செல்லி, கஞ்சித் தூக்கைக் கீழே வைத்தபடி. "கொல்லைல பன்னி வந்தா இவரு ஓடறாரு."

செல்லி வீட்டுக்குப் போனாள். நான் எண்ணினேன். நாற்பத்து நான்கு. சரிதான்.

இருபதாம் புள்ளி வாக்கில் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். ஊசி திரும்பிவிட்டது என்று அர்த்தம். அவ்வளவு தூரத்திலும் அவனுடைய சந்தோஷம் எனக்குத் தெரிந்தது. யாருக்கும் கெடுதல் நினைக்காத சந்தோஷம். புள்ளி புள்ளியாக என் பன்னிரண்டு வருடத்தை அழித்துக்கொண்டே போனான், முழங்காலிட்டு, கவனமாக.

அடுத்தது முப்பத்தாறு.

அர்ச்சுனன் எழுந்து மேற்கே பார்த்தான். "அம்மா, மேக்கால கருக்குது. சார எறங்கச் சொல்லுங்க."

"சொல்றேன். நீ போய் ஜீப்ப மூடு. பெட்டியெல்லாம் நனையும்."

"நானே ஓடிப் போய் கூட்டிக்கினு வர்றேனே."

"கொடைய விரிச்சா வந்துடுவாரு. நீ போ."

போனான். ஜீப் அரை மைல் கீழே நின்றது. இதையும் ஏற்பாட்டில் ஒரு பகுதியாக நான் யோசித்துச் செய்தேனா என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். பெட்டிகள் நனையத்தான் செய்யும். ஆனால் அவற்றில் ஒன்றும் இல்லை. காலிப் பெட்டிகள்.

பையில் அவன் போன் இரண்டு முறை அடித்தது. உன் பெயர் வந்தது. மழை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டேன் என்று பிறகு நீ அழுதபோது சொன்னாய். அடுத்தவர் போனை எடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பிறகு இருபத்தேழு.

குடையைக் கையில் எடுத்தேன். கைப்பிடியில் பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் தானே விரியும். கட்டை விரலை அதன் மேல் வைத்தேன்.

அவன் இடியைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். குடை சுருங்கியிருந்தது. வானத்தைவிட என்னை அதிகம் நம்பினான். அதுதான் எங்கள் வேலையில் பழக்கம். எண்ணுகிறவர் ஒருவர், செய்கிறவர் ஒருவர். ஒரு கையின் ஐந்து விரலையும் இன்னொரு கையின் மூன்று விரலையும் தூக்கிக் காட்டினான். இன்னும் எட்டு.

நான் என் இடது கையைத் தூக்கினேன். செய், என்று.

பத்தொன்பது.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. பாறையில் புதிதாக ஓர் இடி விழுந்தால் பழைய இடியின் தடம் அதற்கடியில் போய்விடும். பிறகு யார் வந்து ஊசியை வைத்துப் பார்த்தாலும், இந்த வருட இடிதானே, பன்னிரண்டு வருடத்துக்கு முன் கல் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்பார்கள். எண்ணம் வருவது குற்றமில்லை. தூறல் விழ ஆரம்பித்தது. என் முகத்தில், கண்ணாடியில், தோளில். விரல் பொத்தானின் மேல்தான் இருந்தது. நனைந்தேன். குடையை விரித்தால் அவன் இறங்கி வந்துவிடுவான் என்பதால் நனைந்தேன்.

மரத்தடியில் இருக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். அதோ தெரிகிறதே, அந்தப் பள்ளத்தில் இறங்கி, பாதங்களை ஒட்டி வைத்து, குந்தி உட்கார்ந்தேன். செய்ய வேண்டிய முறை அதுதான்.

எட்டு வரை எண்ணினேன். அதற்கடுத்ததை எண்ண முடியவில்லை. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன.

இடியை நான் கூப்பிடவில்லை, செவ்வந்தி. விழும் என்று எனக்குத் தெரியாது. விழாமல் போயிருந்தால் அவன் மிச்ச ஆறு புள்ளியையும் முடித்துக்கொண்டு சிரித்தபடி இறங்கி வந்திருப்பான். நானும் சிரித்திருப்பேன். இந்தப் பக்கம் விழலாம், விழாமலும் போகலாம் என்ற இடத்தில் ஒருவனை நிற்க வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் செய்தது அவ்வளவுதான். அதைக் கொலை என்று சொல்வதானால் சொல்லலாம். நான் மறுக்க மாட்டேன். சட்டத்தில் அதற்கு ஒரு பிரிவு இருக்கும். குடையை விரிக்காததற்கு என்ன பிரிவு என்று யாரும் கேட்கவில்லை. இயற்கை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

மேலே ஏறியபோது அவன் கவிழ்ந்து கிடந்தான். சாக்பீஸ் கோடுகளை மழை கரைத்துக்கொண்டிருந்தது. நோட்டு அவன் நெஞ்சுக்கடியில், நனையாமல். அதை எடுக்கக் குனிந்தேன். அவனைத் தூக்கத்தான் குனிந்தேன் என்று அர்ச்சுனன் நினைத்தான். "தொடாதீங்கம்மா," என்று கத்திக்கொண்டே ஓடி வந்தான். பிறகு ஊரார், பிறகு போலீஸ். பட்டியல் போட்டு எல்லாவற்றையும் உன்னிடம் கொடுத்தார்கள். நோட்டும் அதில் போய்விட்டது.

நான் தொப்பலாக நனைந்திருந்ததைப் பார்த்து எல்லோரும், மேடம் மழையில் அவனிடம் ஓடியிருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். நீயும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா," என்றாய். அர்ச்சுனன் மட்டும் அன்று சாயங்காலம் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டான்.

"கொடை கையிலயே இருந்துச்சே. ஏம்மா நனஞ்சீங்க?"

நான் ஜீப் கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன். அவன் மறுபடி கேட்கவில்லை. இன்றைக்கு நாம் வந்ததிலிருந்து என் முகத்தைப் பார்க்காமல்தான் பேசுகிறான், கவனித்தாயோ என்னவோ. உனக்கு மட்டும் காப்பி கொண்டுவந்து வைத்தான். பிறகு எனக்கும் வந்தது. செல்லி கொண்டுவந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கண்ணமங்கலத்தில் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு நேராகக் கூடத்துக்குப் போனேன். மிச்சமிருந்த ஏழாம் இடத்து உருளைகளை உலையில் அடுக்கி, எழுநூறு டிகிரிக்குச் சூடேற்றினேன். அந்தச் சூட்டில் கல் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதுவும் நாங்கள் வழக்கமாகச் செய்கிற வேலைதான். படிப்படியாகச் செய்து ஒவ்வொரு படியிலும் அளப்போம். அன்றைக்கு அளக்கவில்லை. உலை ஆறும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் கருவியில் எடுத்த அந்தத் தாளும் என்னிடம்தான் இருந்தது. இப்போது இல்லை.

ஆகவே இந்த உலகத்தில் அந்தப் பாறை முன்பு எப்படி இருந்தது என்பதற்கு மிச்சமிருப்பது உன் மடியில் இருக்கிறது. நாற்பத்திரண்டு எண்கள். சின்னச் சின்ன எழுத்து. ஏழைக் குறுக்கே கோடிட்டு எழுதுவான். மேலே தலைப்புகூட வைத்திருக்கிறான்: 'ஏழாம் இடம், மின்னல் தடம்.' நீ பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். என்றைக்காவது உட்கார்ந்து யோசித்தால் உனக்கே புரிந்துவிடும். இப்போதைக்கு அது உனக்கு அவன் கையெழுத்து மட்டும்தான்.

கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் பென்சில் சற்று இழுத்திருக்கிறது. அந்தக் கோட்டைத்தான் நீ விரலால் தடவிக்கொண்டே இருக்கிறாய்.

"மேடம்," என்கிறாய்.

நோட்டை வாங்கிப் பார்க்கிறேன். பக்கத்தைத் திருப்புகிறேன். வரிசைகள் ஒழுங்காக இருக்கின்றன. நல்ல அளவுகள். அவனைப் போல அளக்கிறவர்கள் அதிகம் இல்லை. என் கண் கலங்குகிறது. நீ என் முழங்கை மேல் கை வைக்கிறாய்.

"நாப்பத்தெட்டு எடுக்கணும் செவ்வந்தி. இதுல நாப்பத்திரண்டுதான் இருக்கு."

"மீதி ஆற நீங்க எடுத்துச் சேக்க முடியாதா மேடம்? கல்லு அங்கதான இருக்குது."

"அது இப்ப வேற கல்லும்மா."

புரியாமல் மேலே பார்க்கிறாய். வெயிலில் அந்தப் பாறை வெறுமையாக, சுத்தமாக இருக்கிறது.

"அப்ப இருக்கறத வெச்சாவது..." என்கிறாய். "ஆறு தானே மேடம் கம்மி. கீழ ஒரு வரி எழுதிடலாம். அவரால முடிக்க முடியலன்னு."

நோட்டை மூடி, இரண்டு கையாலும் உன் மடியில் திரும்ப வைக்கிறேன்.

"முடியாதும்மா," என்கிறேன். "அரைகுறையா ஒரு அட்டவணை தன் பேர்ல வர்றத அவனே ஒத்துக்கமாட்டான்."